திருமதி டுல்லிக்கு நிலம் இருந்தது

ஆஷ்கோம் நகரசபைக்கு ஏழைகள் என்றால் உயிர். அவர்களுக்காக மாநாடு நடத்தும், நடைபயணம் போகும், டிசம்பர் குளிரில் மண்டபத்து வாசலில் சூப் ஊற்றும். சூப் குடித்தவர்கள் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு லண்டனின் வேறு ஏதாவது பகுதிக்குப் போய்விட வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சபை கொஞ்சம் கண்டிப்பு.

போன வருஷம் ஒரு பத்திரிகை விஷமம் பண்ணியது. வீட்டுவசதிக் கமிட்டியில் இருக்கும் எட்டு கவுன்சிலர்களில் ஒருவருக்குக்கூட வாடகை கொடுத்துப் பழக்கமில்லை, வாங்கித்தான் பழக்கம் என்று எழுதிவிட்டது. சபையின் மனசு புண்பட்டது. உடனே ஒன்பதாவதாக ஒரு நாற்காலியைப் போட்டு, வீடில்லாமல் அல்லாடும் ஒருவரைப் பிடித்து உட்கார வைத்து, 'அனுபவ உறுப்பினர்' என்று பெயரும் வைத்தார்கள். ஓட்டும் கொடுத்தார்கள். வீடு விஷயம் என்றால் எட்டுப் பேரும் கட்சி பார்க்காமல் எப்போதும் ஒரே பக்கம் கை தூக்குகிறவர்கள், ஒன்பதாவது ஓட்டு எதற்குத் தேவைப்படப் போகிறது என்ற தைரியம்தான்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் பெர்னி டுல்லி. ஆஷ்கோமிலேயே பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடத்து முன்னால், நுனியில் வட்டப் பலகை பொருத்திய நீளக் கோலைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளைச் சாலை கடத்தி விடும் வேலை. அவள் கோலைத் தூக்கினால் எவ்வளவு விலையுள்ள காரும் நின்றாக வேண்டும், உள்ளே கவுன்சிலரே உட்கார்ந்திருந்தாலும். அந்தக் கோலைக் கமிட்டிக்குக் கொண்டுவரக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். போட்டோ எடுக்க மட்டும் ஒருதரம் கொண்டுவரச் சொன்னார்கள்.

அவளும் அவள் புருஷன் ரெஜ்ஜும் சலவைக்கடை மாடியில் குடியிருந்தார்கள். வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டுப் போர்ச்சுகலுக்குப் போய்விட்டார். சபை இவர்களை ஒரு ஹோட்டலின் நாலாவது மாடியில், ஒரே அறையில், தற்காலிகமாக வைத்தது. தற்காலிகம் இரண்டாம் வருஷத்தில் நடந்துகொண்டிருந்தது. ரெஜ் கட்டட வேலையில் சாரம் கட்டுகிறவனாக இருந்து, விழுந்து, இடுப்பெலும்பு போனவன். ஹோட்டல் லிஃப்ட்டில் 'மன்னிக்கவும்' என்று ஒரு அட்டை தொங்கியது. அது தொங்காத நாளை அவர்கள் பார்த்ததில்லை. ரெஜ் காலையில் இறங்கினால், ஏறுவதற்கு மனசைத் தேற்றிக்கொள்ளவே அவனுக்கு மத்தியானம் ஆகிவிடும்.

இந்த நிலையில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. ஊரின் பழைய பொதுக் குளியலகத்தை இடித்துவிட்டு, சபையே குறைந்த வாடகைக்கு விடப் பன்னிரண்டு வீடு கட்டலாமா, கூடாதா என்று ஓட்டெடுப்பு. கட்டலாம் என்று முடிவானால் தரைத்தளத்தில் ஒரு வீடு ரெஜ்ஜின் இடுப்புக்காக டுல்லிகளுக்கு. வீட்டுவசதி அலுவலகத்து ஹேஸல் தன் வாயாலேயே சொல்லியிருந்தாள். கட்டும்வரை அதே ஹோட்டலில் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தருவதாகவும் சொல்லியிருந்தாள். கூடாது என்று முடிவானால் வெள்ளிக்கிழமை காலை வேன் வரும். கிரிம்ஸ்டனுக்கு. வடக்கே, கடலோரம், வேனில் ஆறு மணி நேரம். அங்கே ஒரு வீடு காலி இருக்கிறதாம். ஊரே காலியாகத்தான் இருக்கிறதாம். வேண்டாம் என்று சொன்னால் சபையின் கடமை முடிந்தது, அப்புறம் நடைபாதைதான்.

"ஜெயிச்சா குளியலகம், தோத்தா கிரிம்ஸ்டன்," என்றான் ரெஜ், மண்டபத்துக்குக் கிளம்பும்போது. "ரெண்டும் சரிப்படலேன்னா இருக்கவே இருக்கு உங்கம்மா வீடு."

"வாயை மூடு. கைத்தடியை எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

அவள் அம்மா வீடு என்பது செயின்ட் ஆஸித் இடுகாடு. அம்மா விலை மலிவாக இருந்த காலத்தில் அங்கே ஒரு குழி நிலம் வாங்கிப் போட்டாள். ஒருவர் மேல் ஒருவராக மூன்று பேருக்கு இடம். தனக்கு, தன் புருஷனுக்கு, பெர்னிக்கு. இவளை யார் கட்டிக்கொள்ளப் போகிறான் என்ற கணக்கு. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மூன்றாவது இடம் காலி. தன்னை அந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்பதில் ரெஜ்ஜுக்கு மாமியார்மேல் இன்னும் கோபம்.

மண்டபத்து நடையில் கவுன்சிலர் டேமியன் ராஸ்கோ காத்திருந்தார். எதிர்க்கட்சிக்காரர், ஏழைகளின் நண்பர், சட்டைக் கையை எப்போதும் முழங்கைவரை மடித்து விட்டிருப்பவர்.

"பெர்னி, கேளுங்க. மே மாசம் தேர்தல். வீடு கட்டாத சபைக்குக் காசு கிடையாதுன்னு மந்திரி வேற மிரட்டிட்டாரு. அதனால ஆளுங்கட்சிக்குள்ளயே விரிசல். நாலுக்கு நாலு. சமமா நின்னா தீர்மானம் தோத்த மாதிரி. உங்க ஓட்டுதான் முடிவு பண்ணப் போகுது."

"என் ஓட்டா?"

"உங்க ஓட்டுதான். கை தூக்கிட்டுக் கம்முனு உக்காந்துடுங்க. வேற எதுவும் பேசாதீங்க."

பெர்னி உள்ளே போனாள். ரெஜ் பார்வையாளர் வரிசையில், ஓரத்து நாற்காலியில், காலை நீட்டி உட்கார்ந்தான்.

தலைவர் பெரெக்ரின் ஹாலோவே மணியைத் தட்டினார். போன கூட்டத்தின் நடவடிக்கைகள் சரி என்று ஏற்கப்பட்டன. வராதவர்களின் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. எல்லோருமே வந்திருந்ததால் யாருடைய வருத்தம் என்று விளங்கவில்லை, ஆனாலும் தெரிவிக்கப்பட்டது. அடுத்தது சொந்த நலன் அறிவித்தல். ஓட்டுப் போடப்போகும் விஷயத்தில் தனக்கு லாபநஷ்டம் உள்ளவர் எழுந்து அதைச் சொல்லிவிட்டு வெளியே போய்விட வேண்டும். நேர்மைக்குப் பேர்போன வழக்கம்.

தலைவரே முதலில் எழுந்தார். "இந்த ஊர்ல எனக்கு ஒன்பது வீடு. வாடகைக்கு விட்டிருக்கேன்."

சட்ட அதிகாரி பிம்ளாட் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "விலக்கு உண்டு," என்றார். தலைவர் உட்கார்ந்தார்.

கவுன்சிலர் ஆரபெல்லா ஃபிட்ச் எழுந்தார். "பதினோரு வீடு. அப்புறம் குளியலகத்துக்கு எதிர்வரிசை என் வீட்டுக்காரர் பேர்ல. அது எத்தனைன்னு அவருக்குத்தான் தெரியும்."

"விலக்கு உண்டு."

ராஸ்கோ எழுந்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஆறு வீடு. கனத்த மனசோடதான் வெச்சிருக்கேன்."

"விலக்கு உண்டு."

இப்படியே மேசையைச் சுற்றி வந்தது. ஒருவருக்கு வீடு இல்லை, கார் நிறுத்தும் இடம் ஒன்றுதான், அதை வாடகைக்கு விட்டிருந்தார். அவருக்கும் விலக்கு. யாரும் வெளியே போகவில்லை. பெர்னியின் முறை வந்தது.

ராஸ்கோ கண்ணாலேயே வேண்டாம் என்றார். பெர்னிக்குப் பொய் சொல்ல வராது. பிள்ளைகள் முன்னால் நின்றே பழகியவள்.

"எனக்கும் இதுல நலன் இருக்கு," என்றாள். "இது நிறைவேறினா எங்களுக்கு ஒரு வீடு கிடைக்கும்."

பிம்ளாட் முதல்முறையாகத் தலையைத் தூக்கினார். ஹாலில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப நீங்க வெளிய போகணும், மேடம்."

"இவங்க யாரும் போகலையே."

"அவங்களுக்கு விலக்கு இருக்கு." பிம்ளாட் பொறுமைசாலி. நிதானமாக விளக்கினார். "முன்னெல்லாம் இப்படித்தான், வீடு பத்தின பேச்சு வந்தா எல்லாருமே எழுந்து வெளிய போயிடுவாங்க. ஒருதடவை உள்ள யாருமே மிஞ்சலை. டீ கொண்டுவந்த அம்மா மட்டும் நின்னுக்கிட்டு இருந்தாங்க. சபை எப்படி நடக்கும்? அதனால இந்த ஊர்ல நிலம் வெச்சிருக்கற உறுப்பினர் எல்லாருக்கும் பொதுவா ஒரு விலக்கு குடுத்துட்டோம்."

"எனக்கும் அதே மாதிரி ஒண்ணு குடுங்க."

"உங்களுக்கு நிலம் இல்லையே மேடம். தேவைதானே இருக்கு. நிலம் இருக்கறவங்களுக்கு ஒரு நிதானம் இருக்கும். தேவை இருக்கறவங்க எப்படி நடுநிலையா யோசிப்பாங்க, நீங்களே சொல்லுங்க."

"ரொம்பச் சரி," என்றார் ஃபிட்ச். "இது பெர்னிமேல கோபத்துல சொல்றது இல்ல. எங்க எல்லாருக்கும் பெர்னியைப் பிடிக்கும். தினம் என் காரை நிறுத்தறாங்க. ஆனா ஒருத்தர் தனக்கு வேணுங்கறதுக்காக ஓட்டுப் போட ஆரம்பிச்சா ஜனநாயகம் என்னத்துக்கு ஆகும்?"

ராஸ்கோ எழுந்தார். ஆறுதலாகப் பேசப்போகிறார் என்று பெர்னி நினைத்தாள். "குடியிருக்கறவங்க வேதனை எனக்குத் தெரியும், நண்பர்களே. ஒவ்வொரு தடவை வாடகையை ஏத்தும்போதும் அதை நான் உணர்றேன். இருந்தாலும் விதின்னு ஒண்ணு இருக்கு." உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் கதவைக் காட்டினார். மரியாதையாகத்தான் காட்டினார்.

பெர்னி எழுந்தாள். வெள்ளிக்கிழமை வேன் கண்முன்னால் நின்றது. இருபது வருஷமாக அவள் கையைப் பிடித்துச் சாலை கடந்த பிள்ளைகள், அவள் வேலை, ரெஜ்ஜுக்குத் தெரிந்த ஒரே டாக்டர், எல்லாவற்றையும் இந்த எட்டுப் பேர் இப்போது டீ குடித்துக்கொண்டே முடித்துவிடுவார்கள். ஆத்திரம் வந்தது. கார் நிறுத்தும் இடம் வைத்திருந்த கவுன்சிலரைத் தாண்டும்போது நின்றாள். அவர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். ஓர் எட்டுக்குப் பதினாறு அடி சிமெண்டுத் தரை அவருக்கு நடுநிலையைக் கொடுத்திருந்தது.

"மிஸ்டர் பிம்ளாட்," என்றாள். "நிலம்னா எவ்வளவு இருக்கணும்?"

"எவ்வளவா இருந்தாலும் சரி. அளவு ஒண்ணும் கிடையாது."

"வீடு கட்டியிருக்கணுமா?"

"அவசியம் இல்ல. ஊர் எல்லைக்குள்ள இருக்கணும், உரிமை உங்க பேர்ல இருக்கணும்."

பார்வையாளர் வரிசையில் ரெஜ் மெதுவாக, "அடிப்பாவி," என்றான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப எனக்கு நிலம் இருக்கு," என்றாள் பெர்னி. "செயின்ட் ஆஸித் இடுகாட்டுல. ஆறரைக்கு இரண்டரை அடி. எங்கம்மா போனதும் என் பேருக்கு மாத்தினாங்க."

ஹாலோவே மணியைப் பார்த்தார், மணி உதவவில்லை.

"அதுல இப்ப யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார் ஃபிட்ச்.

"ரெண்டு பேர் இருக்காங்க. வாடகை தர்றதில்ல."

பிம்ளாட் ஒத்திவைப்புக் கேட்டார். சட்டப் புத்தகத்தோடு உள்ளறைக்குப் போனார். அந்த நேரம் பெர்னியின் வாழ்நாளிலேயே நீளமான நேரம். கதவின் கண்ணாடிக்குப் பின்னால் அவர் பக்கம் புரட்டுவது, யாருக்கோ போன் செய்வது, தலையைச் சொறிவது எல்லாம் தெரிந்தது. ரெஜ் எழுந்து நின்றுவிட்டான், இடுப்பு வலியையும் மறந்து.

பிம்ளாட் திரும்பி வந்தார். முகம் வெளிறியிருந்தாலும் நேர்மையான மனிதர்.

"குழி நிலத்துக்கு எழுபத்தஞ்சு வருஷ உரிமை இருக்கு. சபைப் பதிவேட்டுலயும் இருக்கு. கவுன்சிலரோட கார் நிறுத்தற இடத்துக் குத்தகையைவிட இந்த உரிமை நீளமானது. அது நிலம்னா இதுவும் நிலம்தான். திருமதி டுல்லிக்கு விலக்கு உண்டு."

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. நாற்காலியில் போய் உட்கார்ந்த பெர்னியைச் சபை புதுசாகப் பார்த்தது. ஒரு வருஷமாக அவள் பக்கம் வந்தே இராத சாக்லேட் பிஸ்கட் தட்டு தானாக நகர்ந்து வந்தது. ஹாலோவே எட்டிக் கைகுலுக்கினார். ஃபிட்ச் அவள் பக்கம் சாய்ந்தார்.

"சொல்லவே இல்லையே நீங்க. செயின்ட் ஆஸித் அருமையான ஏரியா. இப்பல்லாம் அங்க இடமே கிடைக்கறதில்ல. தெற்குப் பாத்ததா?"

"மரத்தடில இருக்கு."

"விட்டுடாதீங்க. இன்னும் ஏறும்."

விவாதம் ஆரம்பித்தது. ஃபிட்ச் முதலில் பேசினார். "ஏழைகள்மேல எனக்கு ஒரு வெறுப்பும் இல்ல. எங்க வீட்டைத் துடைக்கற பொண்ணு வர ஒன்றரை மணி, போக ஒன்றரை மணி பஸ்ல வருது. அந்த நேரத்துலதான் புத்தகம் படிக்குதாம். இங்கயே வீடு குடுத்தா அந்தப் பொண்ணு எப்பப் படிக்கும்? அந்த சந்தோஷத்தைப் பிடுங்க நமக்கு என்ன உரிமை?"

இன்னொருவர் எழுந்தார். புதுக் கட்டடத்தின் நிழல் தன் நீச்சல்குளத்தின் மேல் விழும் என்றார். குளம் பூமிக்கடியில் இருப்பதை ஒருவர் நினைவுபடுத்தினார். இருக்கட்டும், மேலே நிழல் விழுந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டே நிம்மதியாக நீந்த முடியுமா என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியும் பதிவானது.

பிறகு தலைவர். "பேட்டைக்குன்னு ஒரு தன்மை இருக்கு. இங்க ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒரு சத்தம் கேக்காது. ஏன்னா பாதி வீட்டுல ஆளே கிடையாது. அந்த அமைதியை உண்டாக்க எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?"

பெயர் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆதரவு. எதிர்ப்பு. எதிர்ப்பு. ஆதரவு. பெர்னி எண்ணவில்லை, எண்ணப் பயமாக இருந்தது. ராஸ்கோ பெயர் வந்ததும் அவர் ஒரு நொடி யோசித்தார். "ஆதரவு," என்றார், கனத்த மனசோடு. நாலுக்கு நாலு.

"திருமதி டுல்லி."

அவள் கையைத் தூக்கினாள். தினம் காலையில் காரை நிறுத்தத் தூக்குகிற அதே கை, அதே உயரம். பழக்கதோஷத்தில் ஃபிட்ச்சின் கால் மேசைக்கடியில் பிரேக்கைத் தேடியது.

"ஆதரவு," என்றாள். நிறைவேறியது.

நடையில் ரெஜ் அவளைக் கட்டிக்கொண்டான். தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். அவன் அழுகிறான் என்று தெரிந்ததும் அவளுக்கும் அழுகை வந்தது. ஹேஸல் வந்தபோது இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள்.

ஹேஸல் நல்ல பெண். அதனால்தான் அவள் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் கோணல் என்று தெரிந்துவிட்டது.

"பெர்னி, எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. மிஸ்டர் பிம்ளாட் இப்பத்தான் என்கிட்ட வந்தாரு. ஊர்ல நிலம் வெச்சிருக்கறவங்களுக்குச் சபை வீடு குடுக்கக் கூடாதுன்னு விதி. உங்க பேரை எடுக்கச் சொல்லிட்டாரு. கிரிம்ஸ்டன் வெளியூர், அதுக்கு இந்த விதி இல்லையாம்."

"அது குழிம்மா," என்றான் ரெஜ்.

"நானும் அதைத்தான் சொன்னேன். உள்ளூர்ல தங்கறதுக்கு இடம் இருக்கு, ரெண்டு பேர் ஏற்கெனவே நிரந்தரமா இருக்காங்க, இன்னும் ஒருத்தருக்கு வசதி இருக்குன்னு பதிவு பண்ணியாச்சுங்கறாரு."

பெர்னிக்குச் சிரிப்பதா, பக்கத்தில் இருந்த பூச்சாடியைத் தூக்கி உடைப்பதா என்று தெரியவில்லை. "எனக்கு அந்த நிலமே வேண்டாம். இப்பவே எழுதிக் குடுத்துடறேன்."

"குடுக்கலாம்," என்றாள் ஹேஸல். குரல் தேய்ந்தது. "ஆனா நிலம் இல்லேன்னா விலக்கு இல்ல. விலக்கு இல்லேன்னா நீங்க போட்ட ஓட்டு செல்லாது. பன்னிரண்டு வீடும் போயிடும். தலைவர் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காரு. எழுதித் தர்றாங்களான்னு ரெண்டு தடவை கேட்டுட்டாரு."

மண்டபக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஹாலோவே பிஸ்கட் தட்டுப் பக்கத்தில் நின்று இவர்களைப் பார்த்து அன்போடு தலையசைத்தார்.

"எங்க வீடு யாருக்குப் போகும்?" என்று கேட்டாள் பெர்னி.

"நான் சொல்லக் கூடாது." ஹேஸல் இரண்டு பக்கமும் பார்த்தாள். "உங்க ஹோட்டல்லதான். மூணாவது மாடி."

மூணாவது மாடியில் இரட்டைக் குழந்தைக்காரி இருந்தாள். ஒன்றை மார்பில் கட்டிக்கொண்டு, ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு, தள்ளுவண்டியைப் படிப்படியாக இழுத்துப் போவாள். ரெஜ் தன் இடுப்பையும் பார்க்காமல் ஒருநாள் அந்த வண்டியைத் தூக்கப்போய் இரண்டு நாள் படுத்துக் கிடந்தான்.

பெர்னி ரெஜ்ஜைப் பார்த்தாள். அவன் கைத்தடியின் பிடியையே தேய்த்துக்கொண்டிருந்தான்.

"உன் இஷ்டம் பெர்ன்," என்றான். பிறகு, "அந்தக் குட்டிப் பசங்களுக்குப் பல் முளைக்குது போல. ராத்திரியெல்லாம் ஒரே அழுகை," என்றான்.

பெர்னி நடந்துபோய் மண்டபக் கதவைச் சாத்தினாள். ஹாலோவேயின் தலை அசைந்தபடியே மறைந்தது. "நிலம் என் பேர்லயே இருக்கட்டும்," என்றாள் ஹேஸலிடம். "எங்கம்மா ஆசையா வாங்கினது."

புதன்கிழமை சபை அறிக்கை விட்டது. நிலவுடைமையாளர்கள் தங்கள் சொந்த நலனைப் பாராமல் ஏழைகளுக்காக ஓட்டளித்தது ஆஷ்கோமின் பண்பாட்டுக்குச் சான்று என்று அதில் இருந்தது. ராஸ்கோவின் போட்டோ பெரிசாக வந்திருந்தது, சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை பெர்னி கோலைத் திருப்பிக் கொடுத்தாள். அதற்கு ரசீது தந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வேன் சொன்ன நேரத்துக்கு வந்தது. சபை அதில் மட்டும் தவறுவதே இல்லை. இரட்டைக் குழந்தைக்காரி மூன்று மாடி இறங்கி வந்து பைகளை ஏற்றிக் கொடுத்தாள். பெர்னி ஓட்டுப் போட்ட கதையோ, வீடு தனக்கு வரப்போவதோ அவளுக்குத் தெரியாது. "உங்களுக்கு எங்கயாவது நல்ல இடமா கிடைச்சிருக்கா?" என்று கேட்டாள். கடலோரம் என்றான் ரெஜ். குடுத்துவைத்தவர்கள் என்றாள் அவள்.

வடக்குச் சாலை செயின்ட் ஆஸித்தை ஒட்டித்தான் போகிறது. இரும்புக் கிராதி ஆரம்பித்ததும் ரெஜ் டிரைவரின் தோளைத் தட்டினான்.

"கொஞ்சம் மெதுவாப் போப்பா. எங்க சொத்து வருது."

டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் மெதுவாகப் போனான். மரம் தெரிந்தது. கல் தெரியவில்லை. பெர்னி ஜன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டு பார்த்தாள்.

"உனக்கென்ன கவலை," என்றான் ரெஜ். "எப்ப வேணும்னாலும் நீ ஊருக்குத் திரும்பி வரலாம். சபையே ஒத்துக்கிட்டிருக்கு."

"ஒருத்தருக்குத்தானே இடம்."

"அதான் உனக்குன்னு சொல்றேன். உங்கம்மா என்னைக் கணக்குல சேக்கலையே."

பெர்னி அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அந்த இடத்துல நீ இரு," என்றாள். "நாலாவது ஆளா வர நான் ஒரு விலக்கு கேட்டுக்கறேன்."

கிராதி முடிந்தது. டிரைவர் வேகத்தைக் கூட்டினான்.